இரண்டு மஞ்சப்பைகள்: பேறுகாலம் ஆஸ்பத்திரிக்குப் போன கதை

1

எட்டாம் மாதம் பிறந்ததும் வாடிப்பட்டித் தாய்வீட்டில் ஒரு மஞ்சப்பை ஆணியில் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெயர் போட்ட பை. அம்மா ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். வெந்நீரில் அலசிக் காயவைத்த பழைய வேட்டித் துணிகள், நைந்த நூல் சேலை ஒன்று, நைட்டி இரண்டு, பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், சீப்பு, எண்ணெய், ஒரு துண்டு வசம்பு. எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் படாமல் பாலிதீன் உறையில் சுற்றி, தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக். ‘துணிய மறந்தாக்கூடப் பக்கத்துப் படுக்கையில வாங்கிக்கலாம். காயிதத்த மறந்தா நம்மள மனுசியாவே மதிக்கமாட்டாய்ங்க’ என்றாள். இது நடந்தது 2017இல்.

திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா சிரித்தது. ‘நாங்க எங்கிட்டுப் பை கட்டுனோம்? அவ வந்தா, பிள்ளைய எடுத்தா, படிய வாங்கிட்டுப் போனா.’ அப்பத்தாவுக்கு ஏழு பிரசவம், ஏழும் வீட்டில். ஏழையும் எடுத்தது ஒரே கைதான். அந்த ‘அவ’ பேரென்ன என்று கேட்டேன். அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்தது. ‘பேரு என்னமோ... மருத்துவச்சின்னுதேன் கூப்புடுறது.’

ஏழு பேறுகாலத்தின் நாள், நட்சத்திரம், பெய்த மழை, செத்த மாடு எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற ஒரு கிழவிக்கு, தன் உயிரை ஏழு தடவை கையில் வாங்கியவளின் பெயர் மட்டும் ஞாபகமில்லை. இதை முதுமையின் மறதி என்று விட்டுவிட முடியாது. எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த மறதியிலிருந்து தொடங்குகிறது. பேறுகாலம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன வரலாறு ‘அறியாமையிலிருந்து அறிவியலுக்கு’ என்ற நேர்கோட்டுக் கதையாகவே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை அந்த மஞ்சப்பையின் பக்கமிருந்து திருப்பி வாசித்துப் பார்க்கலாம்.

2

வீட்டுப் பிரசவம் என்றால் நம் மனதில் எழுவது ‘குடும்பம்’ என்ற ஒற்றைப் பிம்பம். நடைமுறையில் அது குறைந்தது மூன்று சாதிகளின் உழைப்பு கூடும் இடம். பிள்ளையை எடுப்பது நாவிதர் சமூகத்துப் பெண். (1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன.) தீட்டுத் துணியைத் துவைத்து, மாத்துத் துணி கொண்டுவந்து கொடுப்பது வண்ணார் வீட்டுப் பெண். தலித் குடியிருப்புகளில் இந்த வேலை புதிரை வண்ணார் பெண்களின் தலையில் விழுந்தது. காயமருந்து இடிப்பது, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது, சேனை தொட்டு வைப்பது இவைதான் வீட்டுப் பெண்களின் பங்கு.

பை கட்ட வேண்டிய அவசியம் ஏன் இல்லாமல் இருந்தது என்பதற்கு இதுவே விடை. பைக்குள் இருக்கவேண்டிய ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் கையாக வீடு தேடி வந்தது. கொல்லைப்புற வழியாக வந்தது என்று சேர்த்துச் சொல்லவேண்டும். மற்ற நாளில் தொடக்கூடாத அந்தக் கை, பேறுகாலத்தன்று மட்டும் உடம்பின் ஆழம்வரைக்கும் அனுமதிக்கப்பட்டது. தலை முழுகித் தீட்டுக் கழிந்ததும் அதே கை மறுபடி வாசலுக்கு வெளியே.

கூலி? களத்தில் அளக்கும் நெல், பழைய சேலை, வெத்தலை பாக்கு, துட்டு ஏதாவது. ஊர்த்தொழில் செய்கிற குடிகளுக்குக் களத்தில் அளக்கும் அந்தப் பங்குக்கு நம் கிராமங்களில் வழங்கிய பெயர் ‘சுதந்திரம்’. நமது அரசியல் அகராதியில் இவ்வளவு கசப்பான சொல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியபின் வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்கள் செழித்தன. நடவும் களையெடுப்பும் பெண்களின் முதுகில் ஏறின. மருத்துவச்சிக்கு அளந்த படி மட்டும் பெரிதாகிவிட்டதாக எந்தக் கிழவியும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு நஞ்சுக்கொடி. அதை மண்கலயத்தில் வைத்து வீட்டுக்குப் பின்னால் ஆழக் குழிதோண்டிப் புதைப்பார்கள், நாய் தோண்டிவிடக்கூடாது. அந்த இடம்தான் ‘பிறந்த மண்’. மேடையில் ‘தொப்புள்கொடி உறவு’ என்று முழங்காத தமிழ்த் தலைவர் யாராவது உண்டா? கொடியை அறுத்தவளும் புதைத்தவளும் அந்த உறவுக்குள் வருகிறார்களா என்ற கேள்வியை நாம் கேட்டதில்லை. தேசியம் கொடியை எடுத்துக்கொண்டது, கத்தி பிடித்த கையை விட்டுவிட்டது.

3

ஆஸ்பத்திரி எங்கிருந்து வந்தது? சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. 1882இல் எழும்பூருக்கு இடம் மாறியது. 1875இல் மேரி ஷார்லீப் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885இல் உருவான ‘விக்டோரியா சாதி மற்றும் கோஷா பெண்கள் ஆஸ்பத்திரி’க்கு அவரே முன்கை எடுத்தார். பெயரைக் கவனியுங்கள். சாதிப் பெண்கள், திரைக்குள் இருக்கும் பெண்கள் இவர்களுக்கான ஆஸ்பத்திரி. நவீன மருத்துவம் சாதியை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது என்பவர்கள், அந்தப் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். (திருவல்லிக்கேணிவாசிகள் இன்றும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.)

மதுரையில் 1834 முதல் அமெரிக்க மதுரை மிஷன். பெண்களுக்கான அதன் மருத்துவப் பணியில் 1890களின் நடுவில் ஹாரியட் பார்க்கர் என்ற பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். வடக்கே, திண்டிவனத்தில், 1890களில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற ஐடா ஸ்கட்டரை அழைத்ததும், மருத்துவம் படித்திராத அவர் மருத்துவரான தன் தகப்பனாரை அழைத்துவர முன்வந்தபோது ஆண் வரக்கூடாது என்று அவர்கள் மறுத்ததும், விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்ததும் பலமுறை எழுதப்பட்ட சம்பவம். ஸ்கட்டர் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

அந்த மூன்று சாவுகளையும் யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்தக் கணவன்மாரின் மானம் மூன்று உயிர்களைத் தின்றது என்பதில் மாற்றுக் கருத்தும் இல்லை. நாம் பார்க்கவேண்டியது, இம்மாதிரிக் கதைகள் சேர்ந்து ஒரு சொல்லாடலாக எப்படித் திரண்டன என்பதை. மிஷன் அறிக்கைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் குற்றவாளியாக வந்து நின்றது கணவனோ சாதியோ பஞ்சமோ அல்ல. ‘தாய்’ என்று வடக்கத்தி வார்த்தையால் குறிக்கப்பட்ட மருத்துவச்சியின் அழுக்குக் கை. டஃபரின் சீமாட்டி நிதி (1885), மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர ஏற்பட்ட விக்டோரியா நினைவு உதவி நிதி (1903), சென்னை செவிலியர் மருத்துவச்சிகள் சட்டம் (1926) என்று அடுத்தடுத்து வந்தவை அந்தக் கையைத் திருத்த முயன்றன, பிறகு பதிவேட்டுக்குள் அடக்க முயன்றன.

இங்கே ஐரோப்பாவை ஒருதரம் எட்டிப் பார்ப்பது நல்லது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டது என்ன? ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் பிரசவ ஜுரம் வந்து செத்த பெண்கள், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் செத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிண அறுவை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார், சாவு சரிந்தது. அவருடைய சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை, தங்கள் கை அழுக்கு என்று ஒப்புக்கொள்வதில் அவ்வளவு சங்கடம். ஆக, அழுக்குக் கை எந்த வர்க்கத்துக்கும் தனிச்சொத்தில்லை. ஆனால் படித்த கை பிறகு கழுவப்பட்டு ‘அறிவியல்’ ஆனது. படிக்காத கை ‘மூடநம்பிக்கை’யாகவே நின்றுவிட்டது.

4

ஆஸ்பத்திரிப் பிரசவம் உயிர்களைக் காத்திருக்கிறது. இதில் மழுப்பலுக்கு இடமில்லை. 1946இல் வந்த போர் கமிட்டி அறிக்கை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. லட்சத்துக்கு 2,000. 2018–20 கணக்கில் தமிழ்நாட்டில் அது லட்சத்துக்கு 54. இந்தியா முழுமைக்கும் 97. இந்த எண்களுக்கு முன்னால் ‘பாட்டி வைத்தியம்’ பேசுகிறவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம்பெண் செத்தாள். இயற்கை, மரபு என்கிற இந்தப் புதுக் கூச்சலில் மருத்துவச்சிக்கு இடமே இல்லை என்பதையும் பாருங்கள். அவளுடைய இடத்தில் செல்போன் உட்கார்ந்திருந்தது. மரபைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கும் அந்த மரபைச் சுமந்தவள் வேண்டாதவள்தான்.

சுதந்திர இந்தியா முதலில் மருத்துவச்சியை வேண்டும் என்றது. பயிற்சி கொடுத்தது. யுனிசெஃப் பெட்டி கொடுத்தது. சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான கொப்பூழ் என்று ‘ஐந்து சுத்தம்’ சொல்லிக் கொடுத்தது. 1987இல் நைரோபியில் பாதுகாப்பான தாய்மை மாநாடு. அதற்குப்பின் பன்னாட்டு நிறுவனங்களின் பார்வை மாறியது. 1999இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிறவும் வெளியிட்ட கூட்டறிக்கை, முறையாகப் பயின்ற பணியாளரையே வலியுறுத்தியது. பயிற்சி வாங்கிய மருத்துவச்சிகள் ஒரு கையெழுத்தில் தேவையற்றவர்கள் ஆனார்கள். ஓய்வூதியம் இல்லை, மாற்றுவேலை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா வேலைக்குக்கூட அவர்களைத்தான் முதலில் எடுக்கவேண்டும் என்று யாரும் போராடியதாக நான் அறியவில்லை. நம் தொழிற்சங்கங்களுக்கு அது ‘தொழில்’ஆகவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் திறந்தபோது இன்னொன்றும் கூடவே திறந்தது. 1969இல் மைய அரசு பேறுகாலத்துக்குப் பிந்தைய திட்டம் ஒன்றை ஆஸ்பத்திரிகள் வழியாகத் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உகந்த நேரம், பிள்ளை பெற்று அந்தப் பெண் படுக்கையில் கிடக்கும் நேரமே என்பது அதன் தர்க்கம். பிரசவத்துக்குப் பிந்தைய அந்த இரண்டு மூன்று நாள், உடம்பு தேறுவதற்கான நாளாக மட்டும் இருக்கவில்லை. மக்கள்தொகைக் கொள்கை அந்த உடலோடு பேரம் பேசுகிற நாளாகவும் ஆனது. 1990களில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் களப்பணி செய்த சிசிலியா வான் ஹோலன், சம்மதம் கேட்காமலே பிரசவம் முடிந்த கையோடு ‘லூப்’ வைக்கப்பட்டதைப் பெண்கள் பேசியதை 2003இல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலை நாம் ‘பார்வை’, ‘அதிகாரம்’ என்று எவ்வளவோ விவாதித்தோம். எங்கம்மா அதைப் படிக்காமலே சொன்னாள்: ‘வலியில கெடக்கேன், கையெழுத்துப் போடு கையெழுத்துப் போடுங்கிறாக. எதுக்குன்னு கேக்க வாய் வந்துச்சா?’ அது 1990 வாக்கில், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், என் பிறப்பின்போது.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1986இல் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகள் பத்திரிகைகளில் வந்தபின், வரதட்சணையும் நிலமும் கூலியும் பின்னுக்குப் போய், அது ஒரு வட்டாரத்தின், ஒரு சாதியின் இயல்புக் குற்றமாகச் சுருக்கப்பட்டது. அந்தப் பக்கத்துப் பெண் இரண்டாவது பெண்குழந்தையோடு வார்டில் படுத்திருந்தால், அவள் நோயாளியா சந்தேக நபரா என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்ததாயிற்று.

5

ஆஸ்பத்திரியில் எனக்கு வலி வந்து, பிள்ளை பிறந்து, வார்டுக்கு மாற்றியபின் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. கழுவித் துடைத்த பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்த அம்மா ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி, அங்கேயே நின்றார். ‘ஆம்பளப் பிள்ளைன்னா ஐநூறு குடுப்பாக. பொம்பளப் பிள்ளை, நீங்க பாத்துக் குடுங்க.’ என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. லஞ்சம், புகார் கொடுப்பேன் என்றார். நியாயமான கோபம்தான். ஆனால் பிறகு இரண்டு இரவு அதே அம்மாதான் என் ரத்தத் துணியை அள்ளினார், என்னைத் தாங்கிக் கக்கூசுக்குக் கூட்டிப்போனார். சம்பளம் என்ன என்று கேட்டேன். ‘காண்ட்ராக்டுக்காரன் புடிச்சது போக வர்றதுதேன் தாயி.’

எங்கம்மா அவரிடம் இரண்டே கேள்வி கேட்டாள்: எந்த ஊர், எந்தத் தெரு. மூன்றாவது கேள்விக்குத் தேவை இருக்கவில்லை. அதற்குப்பின் அவர் தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளர் மஞ்சப்பைக்குள் திரும்பவில்லை. அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தனியாக வைத்தாள். நான் பார்த்தேன். உடம்பு அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பெண்ணியம், தலித்தியம் என்று மேடையில் பேசிய வாய்தான் இது.

அப்பத்தாவின் ‘அவ’ எங்கே போனாள் என்ற கேள்விக்கு அந்தக் கட்டிலுக்கு அடியில் எனக்கு விடை கிடைத்தது. அவள் எங்கேயும் போகவில்லை. பிள்ளையை எடுக்கிற திறமை அவளிடமிருந்து கழன்று டாக்டரிடமும் நர்ஸிடமும் போனது. ரத்தத்தையும் மலத்தையும் அள்ளுகிற வேலை அவளிடமும் அவளைப் போன்றவர்களிடமும் தங்கிவிட்டது. களத்தில் உரிமையாக அளக்கப்பட்ட படி, வார்டில் கெஞ்சிக் கேட்கிற காசாக, ‘லஞ்சமாக’ மாறியது. அதை நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் காசு ஏழைத் தாய்மாரின் மடியிலிருந்துதான் போகிறது. ஆனால் ஊழல் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டால், அதற்குப் பின்னாலிருக்கும் ஒப்பந்தமுறையும் சாதியும் தப்பித்துக்கொள்கின்றன. ஏழைத் தாய்க்கும் ஏழை ஆயாவுக்கும் இடையிலான சண்டையாக அது முடிந்துபோகிறது.

மண்கலயம்? ஆஸ்பத்திரியிலும் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. 1998இலும் பிறகு 2016இலும் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி நஞ்சுக்கொடி அதில்தான் போடப்படவேண்டும், எரிக்கப்பட வேண்டும். சுகாதாரத்துக்கு அது சரி. அந்தப் பையைக் கட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றுகிற கை யாருடையது என்று கேட்டால் மட்டும் பழைய ஊர் வரைபடம் அப்படியே விரிகிறது. 2021இல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் நடத்தியபோது, எனக்கு இந்த இரண்டாவது பைதான் ஞாபகம் வந்தது.

6

அரசு பிறகு நம் பைக்குள்ளும் வந்தது. 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம். சில நூறு ரூபாயில் தொடங்கியது 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ரொக்கமும் பொருளுமாக 18,000 என்று வளர்ந்தது. 2004இல் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற அனுமதி. 2011இல் வந்த மத்தியத் திட்டத்தின்படி சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், அறுவைக்கு ஏழு நாள் வரைக்கும் இலவச உணவு. 2015 செப்டம்பரில் 16 பொருள்கள் கொண்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்: துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை... இவற்றை ஓட்டுக்கான இலவசம் என்று ஏளனம் செய்வது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. பழைய வேட்டித் துணிகூட இல்லாத வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன.

2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில். அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் கத்தி வைத்து. பை இன்னும் கனக்கிறது, தங்கும் நாளும் கூடுகிறது என்பதே இதன் பொருள்.

அந்தப் பெட்டகத்தைப் பிரித்தபோது, தாய்க்கு என்று ஒரு டப்பா இருந்தது: சௌபாக்கிய சுண்டி லேகியம். அப்பத்தா மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தது. ‘சுக்கு இருக்கு... திப்பிலி காணமே. இனிப்புத்தேன் சாஸ்தி.’ அம்பது வருஷம் அறியாமை, மூடப்பழக்கம் என்று பழிக்கப்பட்ட வகையறா, அரசாங்க முத்திரையோடு டப்பாவில் திரும்பி வந்திருந்தது. மருந்து வந்தது. மருந்து தெரிந்தவள் வரவில்லை. திட்டத்துக்கு ஒரு மருத்துவரின் பெயர் உண்டு, பெட்டகத்துக்கு ஒரு தலைவியின் படம் உண்டு. ஏழு பிள்ளை எடுத்தவளுக்கு அப்பத்தாவின் ஞாபகத்தில்கூட ஒரு பெயர் இல்லை.

ஆஸ்பத்திரியை மறுக்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. என் மகள் அங்கே பிறந்ததால்தான் நானும் அவளும் இருக்கிறோம் என்றே நம்புகிறேன். கேட்கவேண்டியது வேறு. பயிற்சி வாங்கிக் கைவிடப்பட்ட கிழட்டு மருத்துவச்சிகளில் உயிரோடிருப்பவர்களுக்கு ஓய்வூதியம் கேட்போமா? பிரசவ வார்டில் ஒப்பந்தமுறையை ஒழித்து அந்த ஆயாக்களை நிரந்தரப்படுத்துவதைப் பெண்கள் இயக்கத்தின் கோரிக்கையாக்குவோமா? வாய்மொழி வரலாறு எழுதுகிற தோழர்கள், தத்தம் ஊர் மருத்துவச்சியின் பெயரையாவது கேட்டு எழுதிவைப்பார்களா?

போன வருஷம் அப்பத்தா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மறுபடி கேட்டுப் பார்த்தேன். பெயர் வரவில்லை. ‘கை மட்டும் நல்லா ஞாபகமிருக்குடி. சில்லுன்னு இருக்கும்’ என்றது.

டம்ளர் விஷயத்தை அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை.